மதிப்பெண் தாள் பிறந்த கதை

கேரளத்தில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று காலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவுசெய்யும் அலுவலகங்கள் பெரும்பாலும் திருவனந்தபுரம் பூஜப்புரையில் இருக்கின்றன. பாடத்திட்டம் எழுதும் எஸ்.சி.இ.ஆர்.டி. அங்கே இருக்கிறது. ஆசிரியப் பயிற்சிக்கும் சேர்த்துத் தேர்வு நடத்தும் பரீட்சா பவன் அங்கே இருக்கிறது. அங்கன்வாடிகளைக் கவனிக்கும் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு இயக்ககமும் அங்கேதான். மாநிலத்தின் முதல் ஸ்மார்ட் அங்கன்வாடியையும் அந்தப் பகுதியில்தான் திறந்தார்கள்.

அந்த அலுவலகங்களின் மேசைக்கு ஒரு கேள்வி வந்து கொஞ்ச காலம் ஆகிறது. நல்ல மழலைப் பள்ளி எது, அதை எதைக் கொண்டு அளப்பது? 2013-ல் மத்திய அரசு வெளியிட்ட முன்பருவக் கல்விக் கொள்கை, தர நிர்ணயமும் அங்கீகாரமும் வேண்டும் என்றது. இருபது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், முப்பது பிள்ளைகளுக்கு 35 சதுர மீட்டர் வகுப்பறை, தினம் மூன்று நான்கு மணி நேரம் என்று சில அடிப்படை அளவுகளையும் போட்டது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்தே பள்ளி தொடங்குகிறது என்று சொல்லி, மாநிலங்கள் தரத்தைப் பார்க்க ஓர் ஆணையம் வைக்கட்டும் என்றது. அந்தக் கொள்கையோடு கேரளத்துக்குப் பல மாறுபாடுகள் உண்டு. ஆனாலும் மழலைப் பள்ளிகளைத் தரம் பார்க்கத்தான் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது.

நகரத்தின் தெருக்களே அதற்குச் சாட்சி. எத்தனையோ கேட்டுகளில் 'மாண்டிசோரி' என்ற பலகை தொங்குகிறது. மரியா மாண்டிசோரி என்ற மருத்துவர் வகுத்த மழலைக் கல்வி முறையின் பெயர் அது. அந்தப் பெயருக்கு உடைமைக்காரர் யாரும் கிடையாது. அது பொதுப்பெயர் என்று அமெரிக்காவில் 1967-லேயே முடிவாகிவிட்டது. அதனால் பலகையை மட்டும் பார்த்து உள்ளே நடப்பதை அறிய வழியில்லை. ஓரிடத்தில் குழந்தைகள் தாங்களாகவே எடுத்த பொருளோடு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துத் தெருவில் அதே பெயரின் கீழ் மூன்று வயதுப் பிள்ளை நான்கு வரி நோட்டில் ஏ, பி, சி எழுதிக் கை வலித்து நிற்கும். பணம் கட்டும் பெற்றோருக்கு இரண்டும் ஒன்றுதான். எனவே மதிப்பெண் வேண்டும் என்று கேட்பவர்களின் பக்கம்தான் நான். அந்த மதிப்பெண்ணைப் போடும் தாள் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்பதில்தான் என் கவலை. அது எங்கே பிறந்தது என்று தெரிந்தால் இது விளங்கும்.

தெல்மா ஹார்ம்ஸ் என்ற அம்மையார் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக் குழந்தை ஆய்வு மையப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தவர். தன் அறை எப்படி இருக்கிறது என்று ஓர் ஆசிரியை தானே கேட்டுப் பார்த்துக்கொள்ள உதவும் கேள்விகளை அவர் தொகுத்து வந்தார். புத்தகம் குழந்தையின் கைக்கு எட்டுகிறதா? தனியாக இருக்க நினைக்கும் பிள்ளைக்கு ஒரு மூலை உண்டா? கைகழுவும் இடம் எங்கே? பின்னர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குப் போய், ரிச்சர்ட் கிளிஃபோர்டுடன் சேர்ந்து 1980-ல் இதை முறையான அளவுகோலாக வெளியிட்டார். முன்பருவச் சூழல் அளவுகோல் என்று அதைச் சொல்லலாம். அந்தத் துறையில் இருப்பவர்கள் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து 'எக்கர்ஸ்' என்பார்கள். 37 இனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண். ஒன்று என்றால் போதாது, மூன்று குறைந்தபட்சம், ஐந்து நன்று, ஏழு மிக நன்று. மதிப்பிட வருபவர் சுமார் மூன்று மணி நேரம் அறையின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும்.

அது நல்ல தாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தேர்வு வைத்து மூன்று வயதுப் பிள்ளையை அளக்காமல், பிள்ளை இருக்கும் இடத்தை அளந்ததே பெரிய காரியம். பல நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. ஆனால் ஆசிரியை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளப் பிறந்த தாள் பிற்காலத்தில் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. 1998-ல் ஓக்லஹோமா மாநிலம் மழலையகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வட கரோலினாவில் ஐந்து நட்சத்திர உரிமம் வந்தது. நட்சத்திரம் கூடினால் ஏழைக் குழந்தைகளுக்காக அரசு தரும் மானியத் தொகையும் கூடும். 2011-ல் ஒபாமா அரசு இதற்கென்று மாநிலங்களுக்குப் போட்டி நிதி அறிவித்ததும் பெரும்பாலான மாநிலங்கள் வரிசையில் வந்து நின்றன. அவற்றில் பலவற்றில் அறையை அளக்கும் கோல் ஹார்ம்ஸ் அம்மையாரின் தாள்தான். மதிப்பெண்ணோடு பணம் சேர்ந்துவிட்டால் தாளில் இருப்பது மட்டும்தான் பள்ளியில் நடக்கும். தாளில் இல்லாதது மெல்ல மெல்ல அறையை விட்டே போய்விடும்.

மாண்டிசோரி வகுப்பறைகள் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

பாசாங்கு விளையாட்டுக்கு வேடத் துணியும் பொம்மைச் சமையலறையும் உண்டா என்று தாள் கேட்கிறது. மாண்டிசோரி அறையில் பொம்மைச் சமையலறைக்குப் பதில் உண்மையான கத்தி இருக்கும். குழந்தை உண்மையான வெள்ளரிக்காயை நறுக்கி எல்லோருக்கும் பரிமாறும். ஒரே மாதிரிப் பொருள் போதிய எண்ணிக்கையில் இருக்கிறதா என்று தாள் பார்க்கிறது. இந்த அறையில் ஒவ்வொரு பொருளும் ஒன்றே ஒன்றுதான். இளஞ்சிவப்புக் கோபுரம் ஒன்று, உருளைக் கட்டைத் தொகுதி ஒன்று. வேறொரு பிள்ளை வைத்திருந்தால் அது அலமாரிக்குத் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும்; அந்தக் காத்திருப்பும் கல்விதான். கண்ணாடிக் குவளை, பீங்கான் தட்டு வேண்டுமென்றே வைக்கப்படுகின்றன, கீழே போட்டால் உடையும் என்று கை தானே கற்றுக்கொள்வதற்காக. பாதுகாப்புப் பட்டியலை மேலோட்டமாகப் படிப்பவருக்கு அது குறையாகத் தெரியும். மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே அறையில் கலந்திருப்பதால், வயதுவாரியாகப் போட்ட ஆசிரியர் கணக்கு பொருந்தாது. எல்லாவற்றையும்விட ஆசிரியையின் சான்றிதழ்ச் சிக்கல் பெரிது. ஓராண்டு முழுவதும் மாண்டிசோரிப் பயிற்சி பெற்று, ஒவ்வொரு பொருளையும் கையாளும் விதத்தைத் தன் கையால் எழுதிச் சேர்த்தவருக்கு, அரசின் தகுதிப் பட்டியலில் இடமே இருக்காது.

1960-களில் பிரிந்து, பல பத்தாண்டுகள் தனித்தனியாக நடந்த இரண்டு மாண்டிசோரி அமைப்புகளை இந்த நெருக்கடி 2013-ல் ஒன்றாக உட்கார வைத்தது. மரியா மாண்டிசோரி தொடங்கிய சர்வதேசச் சங்கத்தின் அமெரிக்கக் கிளையும், அமெரிக்க மாண்டிசோரி சங்கமும் சேர்ந்து, மாநில அரசுகளோடு பேசுவதற்கென்று ஒரு பொதுக் கொள்கை முயற்சியைத் தொடங்கின. அவர்கள் தரம் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையான மாண்டிசோரி என்பதற்கு நாங்களே நிபந்தனை எழுதித் தருகிறோம், பயிற்சிச் சான்றிதழை ஏற்றுக்கொள்ளுங்கள், கலந்த வயதையும் இடையூறில்லாத மூன்று மணி நேர வேலைப் பொழுதையும் குறையாக எழுதாதீர்கள் என்றார்கள். பலகை மாட்டியவர்களுக்கெல்லாம் சலுகை கேட்காமல், தங்கள் மேலேயே கட்டுப்பாடு போட்டுக்கொண்டு வந்து பேசியதுதான் அந்த வாதத்துக்கு வலு. அரசு மாண்டிசோரிப் பள்ளிகளுக்கான இன்னொரு மையம், அறையோடு குழந்தை செய்வதையும் பெரியவர் செய்வதையும் பார்க்கிற மாற்றுத் தாள் ஒன்றையே உருவாக்கியது.

அப்படி ஒரு தாளின் விதை அமெரிக்காவில் விழுந்ததல்ல. அதைத் தேடினால் 1907-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரி 6-ம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் ஓர் அறை திறக்கப்பட்டது. கூலிக்காரர்கள் வாழ்ந்த கட்டடங்கள் அவை. பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் சுவரையும் மாடிப்படியையும் பாழாக்காமல் இருக்கக் கட்டட நிறுவனத்தார் செய்த ஏற்பாடு அது. பொறுப்பேற்ற மருத்துவர் மரியா மாண்டிசோரி. மூன்று வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி உருளைக் கட்டைகளைக் குழியில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். மாண்டிசோரி எண்ணத் தொடங்கினார். சுற்றியிருந்த பிள்ளைகளைப் பாடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டைகளை மடியில் அணைத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானாக நிறுத்தி, தூங்கி எழுந்தவள்போலத் தெளிந்த முகத்தோடு சுற்றிலும் பார்த்தாள்.

மருத்துவரானதால் மாண்டிசோரிக்கு அது கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. அவர் வரைபடம் போட்டார். காலை நேரம் கிடைக்கோட்டில்; ஓய்வுக்கு ஒரு கோடு, அதற்கு மேலே வேலை, கீழே கலைந்து திரிதல். 1916-ல் வெளிவந்த அவருடைய நூலில் அந்த வளைகோடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நம் கல்வி அதிகாரிகள் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். குழந்தை காலையில் வந்ததும் தெரிந்த எளிய வேலை ஒன்றை எடுக்கிறது. பிறகு சற்றுக் கடினமானது. பத்து மணி வாக்கில் அறை முழுக்கச் சலசலப்பு: பிள்ளைகள் எழுந்து நடக்கிறார்கள், பேசுகிறார்கள். களைத்துவிட்டார்கள், மணியடித்து வெளியே விடலாம் என்று ஆசிரியைக்குத் தோன்றும். மாண்டிசோரி அதைப் பொய்க் களைப்பு என்றார். ஆசிரியை தலையிடாமல் பொறுத்தால் அதற்குப் பிறகுதான் அன்றைய மிகப் பெரிய வேலை தொடங்குகிறது; முடிந்ததும் பிள்ளை அமைதியாக இருக்கிறது.

ஒரு மேற்பார்வையாளர் பத்து மணிக்கு வந்து, அரை மணி நேரம் நின்று, பத்தரைக்குப் புறப்பட்டுவிட்டால் என்ன எழுதுவார்? கட்டுப்பாடில்லாத வகுப்பு என்றுதான். பக்கத்துப் பள்ளியில் நாற்பது பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் ஒப்பித்துக்கொண்டிருப்பார்கள். அதற்கு நல்ல பெயர் கிடைக்கும். மாண்டிசோரிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. விளையாட்டு வழியில் நடக்கும் எந்த நல்ல அங்கன்வாடிக்கும் இதே அநியாயம் நேரும்.

மாண்டிசோரியை வெளிநாட்டுச் சரக்கு என்றும் பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு உரியது என்றும் ஒதுக்குகிற பேச்சு நம்மிடம் உண்டு. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1920-லேயே குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா பால மந்திரம் தொடங்கி, மாண்டிசோரி முறையை நம் ஊர்ப் பாட்டோடும் கதையோடும் கலந்தார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோடக் 1945-ல் மும்பைக்கு வடக்கே போர்டி கிராமத்துக்குப் போனார்; அங்கே அனுதாய் வாக் அவரோடு சேர்ந்தார். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கு வராததைப் பார்த்து, பள்ளியை அவர்கள் வீட்டு முற்றத்துக்கே கொண்டுபோனார்கள். விலைகூடிய மரச்சாமான்களுக்குப் பதில் விதை, கூழாங்கல், சிப்பி, ஓலை. அந்த முற்றத்துப் பள்ளிதான் அங்கன்வாடி. இன்று நாடு முழுக்கச் சத்துணவு தரும் மையங்களுக்கு அந்தப் பெயர் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. முற்றத்தில் அந்த இரண்டு பெண்களும் செய்த வேலையை நாம் பாதி மறந்துவிட்டோம்.

தமிழ் மண்ணுக்கும் இதில் பங்குண்டு. 1939 நவம்பரில் மாண்டிசோரி, மகன் மரியோவோடு சென்னை அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்தார். அழைத்தவர்கள் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும். நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் சுமார் முந்நூறு பேர் முதல் பயிற்சிக்கு வந்தார்கள். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மரியோவைச் சிறைவைத்தது, தாயை அடையாறு எல்லைக்குள் இருக்கச் சொன்னது. அவருடைய எழுபதாவது பிறந்த நாளையொட்டி மகனை விடுவித்தார்கள். பின்னர் 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கோடைக்கானலில் கழிந்தன. 1949-ல் அவர் இந்தியாவைவிட்டுப் போவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெற்றிருந்தார்கள்.

மதிப்பெண் தாளும் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார். அதன் பின்னணியில் இருந்தவர் மீனா சுவாமிநாதன். 1972-ல் பள்ளிக்கு முந்தைய பருவக் குழந்தைகளைப் பற்றி மத்திய அரசுக்கு அறிக்கை தந்த குழுவின் தலைவர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1975 அக்டோபர் 2-ல், அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. ஆனால் தமிழ்நாட்டில் பால்வாடி எனப்படும் மையங்களில் நடப்பதை அளக்க ஹார்ம்ஸின் தாளை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. பாய் விரித்த தரையில் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் மெத்தை நாற்காலி உண்டா என்று கேட்டு என்ன பயன்? எனவே ஞானசெல்வி ஐஸ்லி தமிழ்நாட்டுச் சூழலுக்கென்று மாற்றி எழுதிய அளவுகோல் 2000-ல் வந்தது. 'டெக்கர்ஸ்' என்று அதைச் சுருக்கினார்கள். அந்த நிறுவனம் அப்போது செய்த ஆய்வு, மையத்தின் தரம் உயர உயரப் பிள்ளைகளின் திறனும் உயர்வதைக் காட்டியது. பின்னர் டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழக மையத்தில் வெனிதா கௌல் குழுவினர் இந்தியாவுக்கென்று இன்னோர் அளவுகோல் செய்தார்கள். அதைக்கொண்டு மூன்று மாநிலங்களில் சுமார் 14,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2017-ல் அறிக்கை தந்தார்கள். எழுத்தும் எண்ணும் திணிக்கும் தனியார் எல்.கே.ஜி.யும் சரியில்லை, சோறு மட்டும் போடும் மையமும் சரியில்லை, விளையாட்டு வழிக் கல்வி கிடைத்த இடத்தில்தான் பிள்ளைகள் தேறினார்கள் என்பதே அதன் சாரம்.

தாளை ஒருமுறை திருத்தி எழுதிய அனுபவம் நமக்கு இருக்கிறது. இன்னொரு முறை எழுதவும் முடியும்.

கேரளம் அதற்கு ஏற்ற இடம். 33,115 அங்கன்வாடிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகளின் முன்தொடக்க வகுப்புகளை, உலக வங்கி உதவிய ஸ்டார்ஸ் திட்டத்தில் 'வர்ணக்கூடாரம்' என்ற பெயரில் புதுப்பித்திருக்கிறார்கள். பள்ளிக்கு 10 லட்சம் ரூபாய், அறைக்குள்ளும் வெளியிலும் 13 செயல்பாட்டு இடங்கள். கணக்குக்கு ஓர் இடம், வரைய ஓர் இடம், நடிக்க ஓர் இடம். ஐம்புலன்களுக்கென்றும் ஓர் இடம் உண்டு. புலன்களைத் தனியாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற எண்ணத்துக்குச் சான் லொரென்சோவில் வேர் இருக்கிறது. இங்கே அரசு, பிள்ளைகளின் பேச்சைக் காதில் வாங்கவும் செய்கிறது. உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று ஆலப்புழை மாவட்டத்து அங்கன்வாடிப் பிள்ளை ஒன்று கேட்ட காணொளி ஊரெல்லாம் பரவி, 2025-ல் மாநிலம் முழுக்க உணவுப் பட்டியலே மாறியது, முட்டை பிரியாணி சேர்ந்தது. சாப்பாட்டு விஷயத்தில் நடந்தது நேரத்தின் விஷயத்திலும் நடக்கலாம். எடுத்த வேலையை முடிக்க விடுங்கள் என்று எந்தப் பிள்ளையும் காணொளியில் கேட்காது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கேரளம் தாள் எழுதும்போது, 13 இடங்களும் இருக்கின்றனவா என்று எண்ணுவதோடு நிறுத்தினால், வண்ணம் பூசிய மூலைகளுக்கு மதிப்பெண் கிடைக்கும். ஒரு பிள்ளை ஓரிடத்தில் தானாகத் தொடங்கிய வேலையை எவ்வளவு நேரம் தொடர்ந்தது, அதை எத்தனை முறை பெரியவர்கள் குறுக்கிட்டு நிறுத்தினார்கள் என்று எழுத இரண்டு வரி வேண்டும். கலந்த வயது வகுப்பைக் குறையாகக் கொள்ளக் கூடாது. அங்கன்வாடியே கலந்த வயது வகுப்புதான். பொருள் எத்தனை என்பதைவிட அது பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா, தானே எடுத்துத் தானே திருப்பி வைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேரள அரசின் முன்தொடக்க ஆசிரியப் பயிற்சியோடு, முழுமையான மாண்டிசோரிப் பயிற்சியையும் தகுதியாக ஏற்க வேண்டும். கூடவே, சில வாரங்களில் முடியும் அஞ்சல் வழிச் சான்றிதழ்களை ஏற்க முடியாது என்றும் எழுத வேண்டும். பலகையில் அந்தப் பெயரை எழுதியவர் அதற்குரிய கலந்த வயதும், முழுத் தொகுதிப் பொருள்களும், குறுக்கீடில்லாத காலையும் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் பலகையை இறக்கட்டும். இந்த முறையை நேசிக்கிறவர்களே முதலில் கேட்க வேண்டிய கண்டிப்பு இது.

இதற்கு ஆள் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு மேற்பார்வையாளர் பொறுப்பில் சுமார் 25 அங்கன்வாடிகள். இப்போது போனால் சத்துமாவு இருப்பு, எடைப் பதிவேடு, போனில் ஏற்றும் விவரங்கள் என்று பார்ப்பதற்கே பொழுது சரியாகிவிடுகிறது. ஆனால் ஹார்ம்ஸின் தாளும் மூன்று மணி நேரம் உட்காரச் சொல்கிறது, மாண்டிசோரியின் வேலைப் பொழுதும் மூன்று மணி நேரம். ஒரு மையத்துக்கு ஆண்டில் இரண்டு காலைகள் என்றால், ஒருவருக்கு ஐம்பது காலைகள் ஆகும். பதிவேடுகளை அந்த ஐம்பது நாளும் மதியத்துக்குத் தள்ளிவைக்கும்படி பூஜப்புரையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனால் போதும்.